இறங்காத பாவு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண் அசந்தால் போதும், தலைக்கு மேலே அரக்கு நிறத்தில் ஒரு பந்தல் வந்துவிடுகிறது. பட்டு நூலாலான பந்தல். அதன் வழியாக வெயில் இறங்கி என் கைகளில் சிவப்பாக விழுகிறது. பக்கத்தில் யாரோ டைப் அடிக்கிறார்கள். வரி முடிகிற இடத்தில் அந்தச் சின்ன மணி அடிக்கிறது. யார் என்று திரும்பிப் பார்த்தால் நான்தான். விழித்துக்கொள்ளும்போது மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், என் வீட்டுக்காரர் காப்பிக்காக நின்றுகொண்டிருப்பார். "கனவுலகூட ஆபீஸா?" என்று கேட்பார். அவர் போளூர் வண்டியில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தூக்கத்தில் "உள்ள போ, உள்ள போ" என்று இன்றைக்கும் கத்துகிற மனிதர் என்னைக் கேலி செய்கிறார்.

போன மாதம் இப்போதைய எம்எல்ஏ அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். மனுக்கள் எல்லாம் இப்போது கைபேசியிலேயே வருகின்றனவாம். படம் பிடித்து அனுப்பினால் ஒரு எண் வருமாம், அதோடு சரியாம். "நீங்க இருந்தப்ப எப்பிடி பண்ணீங்க மேடம்?" என்று கேட்டார்கள். ஏதோ ஒப்புக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு, சொன்னதெல்லாம் பாதிதான் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் குணசுந்தரி. ஆரணியில் நெசவாளர் தெருவில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பெரியப்பா ஏகாம்பரம்தான் வளர்த்தார். எங்கள் தெருவுக்குப் பெரியதனக்காரர் அவர். தெருவில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் வாயிலிருந்து வரும் சொல்தான் கடைசி. டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் முடித்துவிட்டு வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்த என்னை, கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வக்கீலுக்கு டைப்பிஸ்ட் வேண்டும் என்று சொல்லி என் தோழி அழைத்துப் போனாள். அந்த வக்கீலின் பெயர் பூங்காவனம். ஊரே வக்கீலக்கா என்றுதான் கூப்பிட்டது. பெரியப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டார்.

"நம்ம தெருவப் பெருக்குற குப்பம்மா பொண்ணுகிட்டயா போய் வேலை செய்யப் போற?" என்றார்.

"அவங்க வக்கீல் பெரியப்பா. நான் டைப்பிஸ்ட்டு. நம்ம வீட்டுல யாராவது வக்கீலா இருந்தா சொல்லுங்க, அங்க போறேன்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது இன்னும் குறையவில்லை.

குப்பம்மாதான் வக்கீலக்காவின் அம்மா. காலனியிலிருந்து விடியும் முன்னே வந்து எங்கள் தெருவைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். ஒரு தூசி இருக்கக் கூடாது, ஏனென்றால் அங்கேதான் பாவு விரிப்பார்கள். ஆரணிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், சேலையின் நீளவாட்டு நூல் முழுவதையும் தெருவில் விரித்து, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிச் சீராக்குவார்கள். அதுதான் பாவு. விடிகாலையில் விரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். வெயில் பட்டால் கஞ்சி முறுகி இழை அறுந்துகொண்டே இருக்கும்.

பாவு விரிந்திருக்கும்போது யாரும் குறுக்கே போக மாட்டார்கள். ஆனால் கல்யாண ஊர்வலமோ சாமியோ எங்கள் தெருச் சாவோ வந்தால், கவட்டைக் கழிகளைக் கொடுத்துப் பாவை அப்படியே தலைக்கு மேலே தூக்கிவிடுவார்கள். ஊர்வலம் அதன் அடியில் போகும். கடைசி ஆளும் போன பிறகு பெரியதனக்காரர் "கடந்தாச்சு" என்று சத்தமாகச் சொல்வார். அந்தச் சொல் வந்த பிறகுதான் பாவு இறங்கும். யாருக்காகத் தூக்கினார்களோ அவர்கள் கடக்காமல் பாவை இறக்கினால் தெருவுக்கு ஆகாது, அந்தப் பாவில் நெய்த சேலையைக் கட்டுகிற பெண்ணுக்கும் ஆகாது என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. அதனால் ஊர்வலம் முனை திரும்பித் தெருவுக்குள் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பாவைத் தூக்கக் கழியில் கை வைப்பார்கள். சின்ன வயதில் பாவு தூக்குகிற சத்தம் கேட்டால் நாங்கள் எல்லாம் ஓடிப்போய் அடியில் நின்றுகொள்வோம். வெயில் பச்சையாக, மஞ்சளாக, அரக்காக முகத்தில் விழும். என் கனவுக்கு விதை அங்கே விழுந்தது என்று நினைக்கிறேன்.

ஊரின் சுடுகாடும் காலனியின் இடுகாடும் ஆற்றங்கரையில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. காலனியிலிருந்து நேராகப் போவதென்றால் எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். குப்பம்மா உயிரோடு தினமும் நடந்த தெருதான். ஆனால் காலனியில் ஒருவர் செத்துப்போனால் அந்த உடல் எங்கள் தெருவுக்குள் வரக் கூடாது. ஏரிக்கரையைச் சுற்றி, கால்வாயில் இறங்கி ஏறித்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் கால்வாயில் தண்ணீர் இடுப்புக்கு வரும்.

அக்காவிடம் நான் கற்றுக்கொண்ட முதல் வேலை மனு வாங்குவது. வக்கீலாக இருந்தபோதும் சரி, ஜெயித்து எம்எல்ஏ ஆன பிறகும் சரி, அந்த முறை மாறவில்லை. வருகிறவர் கையில் தாளோடு வருவார். அக்கா தாளை வாங்க மாட்டார். "மொதல்ல ஒக்காருங்க" என்பார். பலருக்கு நாற்காலியில் உட்காரவே கூச்சமாக இருக்கும், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள். "நல்லா ஒக்காருங்க, நாற்காலி அரசாங்கத்துது இல்ல, என்னுது" என்பார். பிறகு, "தாளை மடியில வெச்சிக்கோங்க. வாயால சொல்லுங்க" என்பார். அவர்கள் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேச மாட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் தாளை வாங்கிப் படிப்பார். அதில் யாரோ கூலிக்கு எழுதிக் கொடுத்த "சமூகம் அவர்கள்", "தாழ்மையுடன்" எல்லாம் இருக்கும். வந்தவர் வாயால் சொன்னது அதில் இருக்காது. அக்கா தாளை என் பக்கம் நீட்டி, "இது வேணாம் குணா. அவரு சொன்னத அடி" என்பார்.

நான் கார்பன் தாள் வைத்து அடிப்பேன். அடித்ததை அவருக்கே படித்துக் காட்ட வேண்டும். தான் சொன்னது தாளில் வந்துவிட்டது என்று தெரிந்ததும் சிலர் அழுதுவிடுவார்கள். ஒரு பிரதி அவர் கையில் கொடுத்தே ஆக வேண்டும். அது இல்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது என்பது அக்காவின் கண்டிப்பு. கம்ப்யூட்டர் வந்த பிறகும் இதே முறைதான். ஒரு மனுவுக்கு இவ்வளவு நேரமா என்று கட்சிக்காரர்களுக்கு ஒரே பேஜார். வாசலில் கார்கள் நிற்கும், அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டால் யாரையும் பார்க்க மாட்டார்.

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அதை நான் சீக்கிரமே கண்டுகொண்டேன். சாதாரணமாகச் சத்தம் போட்டுப் பேசுகிறவர், கோபத்தில் கிட்டத்தட்ட முணுமுணுப்பார். எதிரில் இருக்கும் அதிகாரி முன்னால் குனிந்து காது கொடுக்க வேண்டியிருக்கும். குனிந்த பிறகு அவருக்கு நிமிர வழி இருக்காது.

சட்டமன்றத்துக்கு ஒரு தடவை என்னையும் அழைத்துப் போனார். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். அத்தனை வெள்ளை வேட்டிகளுக்கு நடுவில் அக்காவின் பச்சைச் சேலை தனியாகத் தெரிந்தது. காலனி இடுகாட்டுப் பாதை பற்றி அவர் கேள்வி கேட்டார். மாற்றுப் பாதை இருப்பதாக அமைச்சர் பதில் சொன்னார். அக்கா எழுந்து, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, அந்த மாற்றுப் பாதையில் அமைச்சர் அவர்கள் ஐப்பசி மாதத்தில் ஒரு முறை நடந்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேட்டியை மடித்துக் கட்டினாலும் போதாது, தலையில் சுற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்" என்றார். அவையே சிரித்தது. அமைச்சரும் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் விடுதி அறையில் அக்கா சன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாரும் சிரிச்சாங்க இல்ல குணா?"

"ஆமாங்கக்கா. இன்னா சிரிப்பு!"

"சிரிச்சிட்டா மறந்துடுவாங்க. இனிமே அங்க சிரிப்பு வர்ற மாதிரி பேசக் கூடாது" என்றார். அதன் பிறகு அப்படிப் பேசியதும் இல்லை.

அதற்கு முன்பே, வக்கீலாக இருந்த காலத்தில், கோர்ட்டில் உத்தரவு வாங்கி ஒரு உடலை எங்கள் தெரு வழியாகப் போலீஸ் பாதுகாப்போடு கொண்டுபோக வைத்திருந்தார். கதவுகளைச் சாத்திக்கொண்டு தெரு உள்ளே உட்கார்ந்திருந்தது. அடுத்த சாவுக்கு எங்கள் தெரு வேறு வழி கண்டுபிடித்தது. உச்சிவெயிலில் பாவு விரித்தார்கள்! வெளியூரிலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு என்ன தெரியும்? தொழில் நடக்கிறது, நூல் அறுந்தால் நஷ்டம், சுற்றிப் போங்கள் என்று காலனிக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். உச்சிவெயிலில் பட்டுப் பாவு விரிக்கிற நெசவாளி உலகத்திலேயே கிடையாது. அன்றைக்கு நான் பெரியப்பாவிடம் சண்டை போட்டேன். "பாவுக்கே பாவம் பண்றீங்களே" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் அலுவலகத்தில் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் குணா. அந்த இன்ஸ்பெக்டருக்கு நான் சொல்லியிருக்கலாம். அவரு தடியடி நடத்தியிருப்பாரு. ஒரு பொணம் போயிருக்கும். அடுத்த பொணத்துக்கு மறுபடியும் தடி வேணும்" என்றார். "அவங்களா தூக்கணும்."

அவங்களா தூக்கணும். இதை அவர் எத்தனையோ சமாதானக் கூட்டங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தாசில்தார் தலையாட்டுவார், டீ வரும், கூட்டம் கலையும்.

அக்கா எம்எல்ஏ ஆன பிறகும் குப்பம்மா பெருக்குவதை விடவில்லை. மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நீ பெரிய ஆளு, நீ சட்டமன்றத்துக்குப் போ. நான் என் தெருவுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். 'என் தெரு' என்றுதான் சொல்வார். கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பூங்காவனம், நான் பெருக்குன தெரு வழியா என்ன ஒரு தடவ தூக்கிகினு போயிடு. தண்ணில எறக்காத. எனக்குக் குளிரும்" என்றார். அக்கா "சரிம்மா" என்றார்.

ஒரு கார்த்திகை மாதத்தில் குப்பம்மா போய்விட்டார். முந்தின நாள் வரை கொட்டிய மழை அன்று காலையில் விட்டிருந்தது. ஏரி நிறைந்து கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் விடிந்ததும் காலனிக்குப் போய்விட்டேன். கலெக்டர் ஆபீசிலிருந்து மாலை வந்தது, கட்சிக்காரர்கள் வந்தார்கள், போளூரிலிருந்தும் சந்தவாசலிலிருந்தும் வண்டி பிடித்து ஆட்கள் வந்தார்கள். அக்கா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கூட்டம் விலகியது. பெரியப்பா வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு ரோஜா மாலை. எங்கள் தெருப் பெரியதனக்காரர் காலனிக்குள் கால் வைத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. மாலையைப் போட்டுவிட்டு அக்கா முன்னால் கைகூப்பி நின்றார்.

"எங்க தெருவப் பெருக்குன கைங்க. நீங்களும் எம்எல்ஏவா இருக்கீங்க. தெருவுல எல்லாரும் கூடிப் பேசிட்டோம். அம்மா நம்ம தெரு வழியா போகட்டுங்க. பாவு தூக்கியாச்சு. ஆளுங்க புடிச்சிகினு நிக்கிறாங்க" என்றார்.

தூக்கியாச்சா? ஊர்வலம் முனை திரும்பும் முன்பே யாரும் தூக்க மாட்டார்களே! கலெக்டர் ஆபீஸ் மாலையையும் வரிசையாக நின்ற கார்களையும் பார்த்துத் தெரு பதறிப்போய், மரியாதை குறைந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே தூக்கிவிட்டிருந்தது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தவறைச் செய்ய முடியாது.

அக்காவின் தம்பி பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அம்மா கேட்டது கெடச்சிட்டுதுக்கா" என்றார். கூட்டத்தில் எல்லோருக்கும் கண் கலங்கியது. அக்கா மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒக்காருங்க பெரியவரே" என்றார். யாரோ நாற்காலி போட்டார்கள். பெரியப்பா உட்கார்ந்தார்.

"இது குப்பம்மாவுக்காத் தூக்கினதா, எம்எல்ஏவோட அம்மாவுக்காத் தூக்கினதா?"

"ரெண்டும் ஒண்ணுதானேங்க."

அக்கா கூட்டத்தைப் பார்த்தார். செங்கல் சூளையில் வேலை செய்கிற முனுசாமி தன் தப்புப் பறையை அனலில் காட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். எந்தச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர். அக்கா அவரைக் காட்டினார்.

"நாளைக்கு இந்த முனுசாமி செத்துட்டா தூக்குவீங்களா?"

"என்னக்கா, என்ன ஏன் ஜல்தியா அனுப்புறீங்க?" என்றார் முனுசாமி. அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "அத அப்புறம் பேசிக்கலாங்க. மொதல்ல அம்மா காரியத்தப் பார்ப்போம்" என்றார்.

அக்காவின் குரல் இறங்கியது. பெரியப்பா முன்னால் குனிந்தார். "முனுசாமிக்கு அப்புறம்னா, எங்கம்மாவுக்கும் அப்புறந்தான். நாங்க ஏரி வழியாவே போறோம்."

தம்பி கத்தினார். "அம்மாவுக்கு வாக்குக் குடுத்தியேக்கா! உன் அரசியல அம்மா பொணத்து மேலயா பண்ற?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். "தாயீ, தூக்கின பாவுங்க. நீங்க கடக்காம எறக்க முடியாதுங்க. உங்களுக்குத் தெரியாதது இல்ல."

"தெரியும் பெரியவரே. அந்தத் தெருவப் பெருக்குனவ பொண்ணுதான் நான்" என்றார் அக்கா.

ஏரி வழியாகத்தான் போனோம். கால்வாயில் தண்ணீர் என் இடுப்புக்கு மேலே இருந்தது. கார்த்திகைத் தண்ணீர், எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள், அப்படியும் நடுவில் ஒரு பக்கம் சாய்ந்து, வெள்ளைத் துணியின் ஓரம் நனைந்துவிட்டது. எனக்கு அந்த அம்மா சொன்ன 'குளிரும்' என்கிற சொல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்காவின் மேல் அப்போது எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். இவ்வளவு கல்நெஞ்சா இந்தப் பெண்ணுக்கு என்று நினைத்தேன். அக்கா பாடையின் பக்கத்திலேயே தண்ணீரில் நடந்தார். நனைந்த துணி ஓரத்தைக் கையில் பிடித்துப் பிழிந்துவிட்டுக்கொண்டே வந்தார்.

எல்லாம் முடிந்து ஈரச்சேலையோடு நான் வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. தெருமுனையில் நின்றுவிட்டேன். தெரு நெடுக ஆண்கள் கவட்டைக் கழிகளைத் தூக்கிப் பிடித்தபடி இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். மேலே அரக்குப் பாவு. கீழே குப்பம்மா வந்து பெருக்காத தெரு, யாரும் நடக்காத தெரு. கை சோர்ந்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள். உலர்ந்த இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து காற்றில் ஆடின. நான் பார்ப்பது நிஜமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கடைசியில் பெரியப்பா, பாவைத் தரையில் படாமல் மேலேயே வைத்துச் சுருட்டச் சொன்னார். சுருட்டியதைத் தன் வீட்டு விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார். "கடந்தாச்சு" என்று அவர் சொல்லவே இல்லை.

அந்தப் பாவு அங்கேயே தொங்கியது. பெரியப்பாவின் மகன், "பவர்லூம் காலத்துல இன்னாப்பா இது? எறக்கித் தறில ஏத்துங்க" என்று சொல்லிப் பார்த்தார். பெரியப்பா கேட்கவில்லை. ஒவ்வொரு வேளையும் அதற்கு அடியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். சோறு பாதியிலேயே நிற்கும். மனிதர் இளைத்துக்கொண்டே போனார். தெருவில் வேறு யாரும் அதன் பிறகு பாவு தூக்கவும் துணியவில்லை. தை மாதத்தில் ஒரு கல்யாண ஊர்வலமே எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போனது.

மாசியில் ஒரு மனு நாளில், வரிசையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். கையில் தாள் எதுவும் இல்லை. என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முறை வந்ததும் அக்கா வழக்கம்போல, "ஒக்காருங்க" என்றார். பெரியப்பா நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நல்லா ஒக்காருங்க. வாயால சொல்லுங்க" என்றார் அக்கா. கண்ணாடி மேஜைக்கு வந்துவிட்டது.

"தூக்கின பாவு எறங்கலைங்க" என்றார் பெரியப்பா. "அம்மாவுக்காத் தூக்கினது. அம்மா வரல. இனிமே அம்மா வர முடியாது. நான் யாருக்கு 'கடந்தாச்சு' சொல்றது? அத நெனச்சா தூக்கம் வரலைங்க. ஒரு வழி சொல்லுங்க."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கம்மாவுக்காத் தூக்கலன்னு நெனச்சிக்கோங்க. காலனிலேர்ந்து வர்றவங்களுக்காத் தூக்கினதுன்னு நெனச்சிக்கோங்க. அப்ப எறக்க ஆள் வருவாங்க. எப்ப வருவாங்க, யாரு வருவாங்கன்னு எனக்கும் தெரியாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "குணா, பெரியவர் சொன்னத அடி" என்றார்.

அடித்தேன். என் பெரியப்பாவின் மனுவை நானே அடித்து, நானே அவருக்குப் படித்துக் காட்டினேன். ‘தூக்கின பாவு இறங்க வேண்டும்’ என்பதுதான் அதில் இருந்த கோரிக்கை. எந்த அதிகாரிக்கு என்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டேன். பிரதியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெரியப்பா எழுந்து போனார்.

பங்குனியில் முனுசாமி செத்துப்போனார். சூளையில் வேலை செய்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கலெக்டர் ஆபீஸ் மாலை கிடையாது, கார்கள் கிடையாது. அவர் அடித்த தப்பை வேறொருவர் அடித்தார். மறுநாள் காலையில் எடுத்தார்கள். அக்காவும் நானும் நடந்தோம். கூட்டம் வழக்கம்போல ஏரிக்கரைப் பக்கம் திரும்பியது. எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். தப்புச் சத்தமும் நின்றது.

தெரு சுத்தமாகப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. துடைப்பத்தோடு எங்கள் பெரியம்மா ஓரமாக நின்றிருந்தார். தெரு நெடுக அந்த அரக்குப் பாவு தலைக்கு மேலே உயர்ந்து நின்றது. அறுந்த இழைகளையெல்லாம் முடிச்சுப் போட்டுச் சேர்த்திருந்தார்கள். முதல் கழியைப் பெரியப்பாவே பிடித்திருந்தார். எந்த அதிகாரியும் இல்லை, போலீஸ் இல்லை. அவர் எங்களைக் கூப்பிடவும் இல்லை. கழியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

பாடையைத் தூக்கியவர்கள் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தலையை மட்டும் அசைத்தார். தப்பு மறுபடி முழங்கியது. முனுசாமி பாவுக்கு அடியில் போனார். வெயில் அந்தப் பட்டு நூல் வழியாக இறங்கி, அவர் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை அரக்காக்கியது. செங்கல் புழுதி போகாத அவர் கால்கள் அந்த நிறத்தில் தெரிந்தன. நாங்கள் எல்லோரும் அதே நிறத்தில் நடந்தோம். தூக்கத்தில் நடப்பது போலவே இருந்தது. இன்றைக்கும் என் மத்தியானக் கனவில் வருவது இந்த இடம்தான்.

கடைசி ஆளாக அக்கா அடுத்த முனையில் வெளியே வந்தார். எங்களுக்குப் பின்னால் பெரியப்பாவின் குரல் கேட்டது. நல்ல உரத்த குரல், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட குரல்.

"கடந்தாச்சு!"

பாவு மெல்ல இறங்கியது. அக்கா அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். குப்பம்மா போய் அத்தனை மாதமாக ஒரு சொட்டு விடாத கண்களிலிருந்து கண்ணீர் கொட்டியது. தெருவே கேட்கும்படி, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார்.

"தண்ணில எறக்கிட்டேனே குணா. குளிரும்னு சொன்னாளே எங்கம்மா" என்றார்.